தண்ணித்தொட்டி வளைவு

காலைத் தூக்கக் கூடாது. வளைவுக்குள் நுழைந்தாயிற்று என்றால் வானமே இடிந்து தலையில் விழுந்தாலும் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலைத் தூக்கக் கூடாது. மரகதம் ஹெல்மெட்டுக்குள் முணுமுணுத்தாள். முணுமுணுத்த மூச்சு திரும்பி அவள் மூக்கிலேயே வந்து மோதியது, மத்தியானம் தின்ற தயிர்சோறும் நார்த்தங்காயுமாக. இன்றைக்குப் பந்தயமில்லை, யார் வேண்டுமானாலும் சொந்த வண்டியைக் கொண்டுவந்து ஓட்டிப் பார்க்கிற நாள். பந்தயத் தடத்துக்குள் விடும் வாசலில் வண்டிகள் வரிசை கட்டி நின்றன. நாலாவதாக அவளுடைய பழைய எஸ்டீம், அடைக்கோழி மாதிரி தரையோடு உட்கார்ந்துகொண்டு, வயிற்றுக்குள்ளிருந்து உறுமிக்கொண்டு. விளக்கு இன்னும் சிவப்பு. முன்பகல் ஓட்டத்தில் அந்தத் தண்ணித்தொட்டி வளைவில் பயந்துபோய்க் காலைத் தூக்கிவிட்டாள், அவ்வளவுதான், வண்டியின் வால் முன்னால் வந்துவிட்டது. தொட்டி, கொடிக்காரன், வேலிக்காத்தான் காடு, மறுபடி தொட்டி, எல்லாம் ராட்டினத்தில் போவதுபோல் போய், நின்றபோது வண்டி வந்த வழியையே பார்த்துக்கொண்டு புல்லில் நின்றது. பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்த ஜெரால்டு, போத்தனூர்க்காரன், நேற்று மீசை முளைத்தவன், அலுங்காமல் "ஒண்ணும் ஆகலை ஆன்ட்டி, கிளட்ச்சை மிதிங்க" என்றான். "ஆன்ட்டி கீன்ட்டின்னா பல்லைக் கழட்டிருவேன். அக்கான்னு கூப்பிடு." "சரிங்கக்கா. கிளட்ச்சை மிதிங்கக்கா." அப்புறம் சட்டத்தைச் சொன்னான். ஒரே நாளில் ரெண்டு தடவை வண்டி இப்படிச் சுழன்றுவிட்டால் ஆட்டம் முடிந்தது, வண்டியை ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இன்னொரு சட்டமும் உண்டு: புதுசாக வந்தவர்கள் தனியாக ஒரு ஓட்டம் சுத்தமாக ஓட்டிக் காட்டினால்தான் சாயங்காலக் கடைசி ஓட்டத்தில் பக்கத்து சீட்டில் ஆளை ஏற்றிக்கொள்ள விடுவார்கள். அந்தத் தனி ஓட்டம் இதுதான். அந்த ஆள் அதோ, சுவரோரத்தில், யாரும் சொல்லாமலே ஹெல்மெட்டை மாட்டி வாரையும் இறுக்கிக்கொண்டு, முகத்தை வேறெங்கோ திருப்பிக்கொண்டு நிற்கிறார். நாச்சிமுத்து. அவள் புருஷன். இந்த வண்டியைக் கட்டியவர்.

கோபித்துக்கொண்டு திருப்பிய முகம் என்றுதான் தெரியாதவர்கள் நினைப்பார்கள். போன தையில் ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் அப்பன் கும்பிட்டபோது இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று பெரிய மனஸ்தாபமாகி, மரகதம் போய், அட உங்களைப் பார்க்கத்தான் சாமி திரும்பினார் என்று விளக்கிவிட்டு வந்தாள். சர்க்கரை கண்ணில் இறங்கிவிட்டது. எதை நேராகப் பார்க்கிறாரோ அது மறைந்துவிடும். "கண்ணாடி நடுவுல கிரீஸ் கையை வெச்ச மாதிரி, அம்மிணி. சுத்தியும் தெரியுது. நடுவுலதான் கறை." ஆகவே அவர் எதையும் பக்கவாட்டில்தான் பிடிக்கிறார். டிவி பார்க்க வேண்டுமானால் காலண்டரைப் பார்க்கிறார். தட்டில் எங்கே பொரியல் இருக்கிறது என்று தெரிய தண்ணீர்ச் சொம்பைப் பார்க்கிறார். கறை வளருமா நிற்குமா என்று யாரும் உறுதி சொல்லவில்லை. அடுத்த வருஷம் இந்த ஓரமும் இருக்குமோ என்னவோ. அதனால்தான் இந்த வருஷம், அதனால்தான் இன்றைக்கு, என்று நினைக்கிறபோதே விளக்கு பச்சையாகிவிட்டது. முன்வண்டி சீறிக்கொண்டு போக, மரகதம் கிளட்ச்சை விட்டாள். முதுகில் யாரோ கை வைத்துத் தள்ளியதுபோல இருந்தது. இந்தத் தள்ளுக்கு அவள் இன்னும் பழகவில்லை. உக்கடத்தில் பழைய வண்டிச் சாமான் கடைக்கு அவள் ஓட்டுகிற டெம்போ, தள்ளாது, கெஞ்சும். இது கேட்காமலே தூக்கிக்கொண்டு போகிறது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று குறுக்கே அடித்து வண்டியை ஒரு சாண் இடம் மாற்றியது. அது அதன் பாட்டுக்கு அடிக்கட்டும், நீ உன்ற பாட்டுக்குப் போ.

முதல் சுற்று, டயர் சூடேறட்டும், மெதுவாகத்தான். இந்த வண்டியை அவள் சக்களத்தி என்றுதான் கூப்பிடுவாள். ஞாயிற்றுக்கிழமையானால் மனுஷன் அதற்கடியில்தான் கிடப்பார். வெளியே தெரிவது ரெண்டு பாதம். காப்பியைக் கொண்டுபோய்ப் பாதத்துக்கருகில் வைத்துவிட்டு, பாதத்தோடு பேசுவாள். கரண்டு பில் கட்டியாச்சா. கட்டியாச்சு. உங்க தங்கச்சி வந்திருக்கா. வரட்டும். குடித்தனத்தில் பாதியை அவர் பாதங்களோடுதான் நடத்தியிருக்கிறாள். அந்தப் பெருவிரல் அசைந்தால் சிரிக்கிறார் என்று அர்த்தம். பின்சீட்டைக் கழற்றினார், ஏசியைக் கழற்றினார், கதவுக்குள் இருந்த பஞ்சைக்கூடப் பிய்த்தார், எடை குறையணுமாம். உள்ளே இரும்புக் குழாயில் கூண்டு கட்டினார். "நல்ல நாளுக்கு ஒறம்பரை வீட்டுக்குப் போறதுக்குக்கூட இதுல உக்கார எடமில்லையே, கோழிக் கூண்டுல ஏத்தற மாதிரி ஏத்துவீங்களா?" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினாள். ஆனால் அடிபட்ட வண்டி ஏலத்தில் இந்தப் பெரிய என்ஜினைக் கண்டுபிடித்தது யார்? அகல டயருக்கு ஈரோட்டுக்காரனிடம் நின்று மல்லுக்கட்டியது யார்? வாயால் திட்டிக்கொண்டே கையால் வாங்கிப் போட்டது எல்லாம் அவள்தான். அவளுடைய பேர வித்தை ஒன்றே ஒன்று. பேச்சு பாதியில் இருக்கும்போது எழுந்துவிடுவாள். முந்தானையை உதறி, "உங்க சாமானை நீங்களே வெச்சுப் பூசை பண்ணுங்க" என்று படியிறங்கிவிடுவாள். மூன்றாவது படிக்குள் "அக்கா, வாங்கக்கா, உக்காருங்க" என்று குரல் வந்துவிடும். எட்டாவதோடு படிப்பை நிறுத்தி, செம்புக் கம்பி பிரிக்க உட்கார்ந்து, பாதி விலைக்கு ஏமாந்து ஏமாந்து கற்றுக்கொண்டது. பாதியில் எழுந்திரு. கூப்பிடுவார்கள். இந்த வித்தைதான் காலில் இறங்கி அங்கே தொட்டி வளைவில்... வந்துவிட்டது. தொட்டி வந்துவிட்டது. பிரேக், கியரை இறக்கு, திருப்பு, இப்போது காலை வை, வைத்துக்கொண்டே இரு, தூக்காதே, மெதுவாகத்தான் போகிறோம், தூக்காதே. போய்விட்டது. கொடிக்காரன் ஆரஞ்சுச் சட்டை போட்டவன், கட்டைவிரலைக் காட்டினான். அவன் தலையில் துண்டு. அந்தத் துண்டு எதற்கு இப்போது கண்ணில் படுகிறது.

"பின்னாடி பாரமே இல்லை, அம்மிணி, அதான் சுத்துது" என்று சாப்பிடும்போது சொன்னார். "நீ காலைத் தூக்கினா வண்டியோட கனமெல்லாம் மூக்குக்கு ஓடிருது. பின்சக்கரம் அந்தரத்துல நிக்கற மாதிரி ஆயிரும். பின்சீட்டைக் கழட்டினது நான்தான். என்ற தப்பு." அவர் தப்பாம். தப்பு யாருடையது என்று சொல்வதில்கூட இந்த மனுஷன் பேரம் பேசமாட்டார், முழுசாகத் தானே எடுத்துக்கொள்வார். கண் போன பிறகு அவர் வண்டிமேல் தார்ப்பாயைப் போட்டார். போட்டவர் எடுக்கவேயில்லை. ஒரு நாள், "யாருக்காச்சும் கொடுத்துரு. ஓடாம நின்னா வண்டி செத்துப்போகும்" என்றார். சரி என்று ஆட்களை வரவழைத்தாள். வந்தவர்களிடம் வாய்க்கு வந்த விலையைச் சொல்லி விரட்டினாள். ஒருத்தன் திருச்சூரிலிருந்து வந்தான். அவள் வெறிபிடித்தவள் போல ஒரு விலை சொன்னாள். அவன் "சரி சேச்சி" என்று சட்டைப் பைக்குள் கையை விட்டான். அவளுக்கு உயிரே போய்விட்டது. "கேட்ட விலையை அப்படியே கொடுக்கறவன் நல்லவனா இருப்பானா? கெளம்பு! கெளம்புடா மொதல்ல!" துடைப்பத்தோடு தெருமுனை வரைக்கும் போனாள். திரும்பி வந்தால் நாச்சிமுத்து வாசலில் நின்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார், அதாவது அவளை. "ஏன் தாட்டிவிட்டே?" "நான் ஓட்டப்போறேன். நீங்க பக்கத்துல உக்காருங்க." "நீயா?" "ஏன், எனக்குக் காலில்லையா?" சிரித்தார். கண் போன ஐப்பசிக்கப்புறம் அன்றைக்குத்தான் சிரித்தார். செருப்பில்லாமல் நின்றார். பெருவிரல் அசைந்தது.

எத்தனையாவது சுற்று இது, எண்ணவில்லை. எண்ணாதே. தோளில் வார் அறுக்கிறது. வியர்வை புருவத்தில் தேங்கி, ஒரு சொட்டு, இதோ விழப்போகிறது, கண்ணுக்குள் விழுந்தது, எரிச்சல். அவருக்கு நடுவில் மறைகிற மாதிரி ஒரு நொடி எல்லாம் மறைந்து தெளிந்தது. ஐயோ, இப்படித்தானா இருக்கும், நாள் பூராவுமா? அந்தக் கண்ணாஸ்பத்திரியில் டாக்டரம்மா நிதானமாகச் சொன்னாள், ஊசி போடலாம், இருக்கிறதைக் காப்பாற்றப் பார்க்கலாம், போனது போனதுதான். மரகதத்துக்கு எங்கிருந்து வந்ததோ அந்த ஆத்திரம். "போனது போனதுதான்னா அப்புறம் நீங்க எதுக்கு இங்க? பாதியாச்சும் கொடுங்க!" என்றாள். கண்ணைப் பாதிக்குப் பேரம் பேசினாள். டாக்டரம்மா மருந்துச் சீட்டை எழுதத் தொடங்கினாள். இவள் எழுந்துவிட்டாள். பழக்கம். முந்தானையை உதறிக் கதவு வரைக்கும் போனாள். கூப்பிடுவார்கள். ஒரு எட்டு. இன்னொரு எட்டு. கூப்பிடவில்லை. அந்த அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும். முதல்முறையாக அவளுக்குக் கால் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அவளாகவே திரும்பி வந்து, அவளாகவே அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். நாச்சிமுத்துவின் கை துழாவி வந்து அவள் முழங்காலைப் பிடித்தது. "எந்திரிச்சுப் போயிட்டியோன்னு நெனச்சேன்." "நான் எங்கீங் போவேன்." அந்தக் கை. ஆயில் ரேகை போகாத கை. எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது.

கண்ணாடியில் சிவப்பாக ஏதோ. அவன்தான். வெளிநாட்டு வண்டி, தரையை நக்குகிற மாதிரி மூக்கு. காலையில் அவள் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தபோது, "ஆன்ட்டி, பூசை முடிஞ்சா தேங்காச்சில்லு எனக்கும் கொடுங்க" என்றவன். கூட நின்றவர்களெல்லாம் சிரித்தார்கள். நாச்சிமுத்தும் கேட்டுக்கொண்டுதான் நின்றார். கொடிக்காரன் நீலக்கொடி காட்டுகிறான். நீலம் என்றால் பின்னால் வேகமானவன் வருகிறான், கையைக் காட்டி வழி விடு. வழியா? இவனுக்கா? உக்கடம் ரவுண்டானாவில் எவனுக்கு வழி விட்டிருக்கிறாள் இவனுக்கு விட? அப்பன் சம்பாத்தியத்தில் வண்டி வாங்கியவனே, இது ஒவ்வொரு நட்டும் ஒரு சண்டை போட்டு வாங்கியதடா, வா, வந்து பார். காலை அழுத்தினாள். என்ஜின் சத்தம் பல்லுக்குள் ஏறியது. சிவப்பு சற்றே பின்வாங்கியது. ஆகா. பின்வாங்கு. இன்னும் பின்வாங்கு. அடுத்த நீலக்கொடியும் போயிற்று. அப்போதுதான், எங்கோ தூரத்தில் இருக்க வேண்டிய தண்ணித்தொட்டி, வீட்டுக்குள் நுழைந்த மாடு மாதிரி முகத்துக்கு நேரே நின்றது.

பிரேக்கை மிதித்தாள், தாமதம், தாமதம்தான், தெரிகிறது, திருப்பினாள், டயர்கள் குழந்தைகள் போல் அழுதன, வண்டியின் வால் வெளியே வெளியே என்று இழுக்கிறது, புல் வருகிறது, புல்லின் நிறம்கூடத் தெரிகிறது, காலைத் தூக்கு என்று தொடை சொன்னது, தூக்கிவிடு, எழுந்துவிடு, முந்தானையை உதறிவிட்டு இறங்கிவிடு, இதெல்லாம் உனக்கெதற்கு, டெம்போக்காரி, எழுந்தால் கூப்பிடுவார்கள். யார் கூப்பிடுவார்கள்? மின்விசிறிச் சத்தம். இங்கே கூப்பிட ஆளில்லை. இது விற்கிறவனில்லை. பாதியில் எழுந்தால் பாதியிலேயே போய்விடும், வால் வந்து முன்னால் நிற்கும், வண்டியை ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும், தார்ப்பாயைப் போட வேண்டும், அவர் சுவரோரத்தில் ஹெல்மெட்டின் வாரை அவிழ்க்க வேண்டும், வழுக்குகிற அந்தச் சின்னப் பக்கிளைத் துழாவித் துழாவி அவிழ்க்க வேண்டும், அதைப் பார்க்க முடியாது, அதை மட்டும் பார்க்க முடியாது. உட்காரு. நாற்காலியில் உட்காரு. கால் அங்கேயே இருந்தது. ஒரு நூலளவு, ஒரே ஒரு நூலளவு, இன்னும் அழுத்தினாள். பின்பக்கம் வந்து தரையில் உட்கார்ந்ததை முதுகுத்தண்டில் உணர்ந்தாள், அடம்பிடித்த பிள்ளை கடைசியில் மடியில் உட்காருவதுபோல. சக்கரம் ஓரத்து வண்ணக்கட்டையில் தடதடவென்று ஏறி இறங்கியது. வளைவு முடிந்துவிட்டது. நேர்ப்பாதை. அழுகிறாளா, வியர்வையா. ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, போ என்று காட்டினாள். சிவப்பு வண்டி கடந்துபோனது. போடா சாமி. நல்லாப் போ. தேங்காச்சில்லு தரேன் போ.

கட்டம் போட்ட கொடி விழுந்தது. பிரேக் ஆறுவதற்காகக் கடைசிச் சுற்றை மெதுவாக ஓட்டி, வண்டிகள் நிற்கிற பிட்டுக்குள் வந்து நிறுத்தினாள். நிறுத்தினால் கை எங்கே போகும்? டெம்போக்காரி கை, ஹேண்ட்பிரேக்குக்குத்தான் போகும். "ஹேண்ட்பிரேக்கைப் போடாதே!" என்று நாச்சிமுத்து சுவரோரத்திலிருந்து கத்தினார். அவருக்கு அவள் கை தெரியாது. அவளைத் தெரியும். சூட்டோடு இழுத்தால் பிரேக் கட்டை ஒட்டிக்கொள்ளும். ஓடிவந்து, குனிந்து, சக்கரத்தைத் தடவிக் கண்டுபிடித்து ஒரு மரக்கட்டையைச் சொருகினார். ஜெரால்டு கையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றான். "நீலக்கொடி பார்த்தீங்களாக்கா?" அவளுக்குப் பத்து நியாயம் தொண்டை வரைக்கும் வந்தது. வெயில் கண்ணில் அடித்தது, கொடி சின்னது, அவன் என்ன பெரிய இவனா, நான் வழி விட்டேனா இல்லையா. நாச்சிமுத்து ஹெல்மெட்டோடு நின்றார், யாரையும் பார்க்காமல், அதாவது இருவரையும் பார்த்துக்கொண்டு. "பார்த்தேன்" என்றாள். "பார்த்துட்டுத்தான் விடலை. தப்பு." ஜெரால்டு இதை எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. சண்டைக்குத் தயாராக வந்தவன், கையில் இருந்ததைக் கீழே வைக்க இடம் தேடுகிறவன் போல நின்றான். "தொட்டிகிட்ட சுத்திருவீங்கன்னு நெனச்சேன்." "நானும்." "காலைத் தூக்கலை." "இல்லை." அவன் நாச்சிமுத்துவின் தாடைக்குக் கீழே இறுகியிருந்த வாரைப் பார்த்தான். "எப்பருந்து மாட்டியிருக்கார் இதை?" "சாப்பிட்டதுலருந்து." "இன்னொரு தடவை நீலக்கொடிக்கு வழி விடலைன்னா நானே வந்து வண்டியை மறிப்பேன், அக்கா." "மறி." "கூட்டிட்டுப் போங்க."

சாயங்கால வெயில் தடத்தின்மேல் நல்லெண்ணெய் தடவியதுபோல் கிடந்தது. நாச்சிமுத்து கூண்டுக் குழாய்களுக்கு நடுவே தலையைக் குனிந்து நுழைந்தார். அவர் பற்றவைத்த குழாய்கள். ஒவ்வொன்றையும் தொட்டுக்கொண்டே உட்கார்ந்தார், அடையாளம் கேட்கிறவர்போல. அவளுடைய வாரை இழுத்துப் பார்த்து, "லூசா இருக்குது" என்று இறுக்கினார். பச்சை விழுந்தது. மெதுவாகப் போனாள், வேகத்தைக் கூட்டினாள், அவர் என்ஜினைக் கேட்டுக்கொண்டே வந்தார். அப்புறம் அவள் ஓரக்கண்ணால் பார்த்தாள். மனுஷன் முகத்தை அவள் பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவளுக்குச் சுருக்கென்று வந்தது. இதுக்கா இத்தனை பாடு! "ஏனுங், ரோட்டைப் பாருங்க. என்ற மூஞ்சில என்ன எழுதி ஒட்டியிருக்குது?"

"ரோட்டைத்தான் பாக்கறேன்."

"என்னைப் பாத்துட்டு உக்காந்திருக்கறீங்க."

"நேராப் பாத்தா கறைதான் அம்மிணி. உன்னைப் பாத்தாத்தான் ரோடு தெரியுது."

சக்களத்தி உறுமியது. காற்று குறுக்கே அடித்தது. அந்த முகம் திரும்பியபடியே இருந்தது. காப்பி வைத்த நாளெல்லாம் வண்டிக்கடியில் கிடந்த முகம். அவள் அதைப் பார்க்கவில்லை, பார்க்கவும் முடியாது, கன்னத்தில் வெயில் மாதிரி அது படுவது மட்டும் தெரிந்தது. பிரேக், கியர், திருப்பு.

"தொட்டி வந்துருச்சு" என்றார், அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு. "வெளிச்சமா இருக்குது. தெரியுது. காலைத் தூக்கீராதே."

"தூக்கலீங்."